கார் டீட்டெயிலிங் தொழிலில், அதாவது வண்டியை உள்ளும் வெளியும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் வேலையில், இறங்க ஆசை. எடுத்தவுடன் கடை போடலாமா, கொஞ்ச காலம் கற்றுக்கொண்ட பிறகா?

கேள்வி கேட்டவர் தன் நிலையையும் சொல்லியிருக்கிறார். வேலையில் இருக்கிறார், கார் என்றால் உயிர், வீடியோக்கள் நிறையப் பார்த்திருக்கிறார், கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. அதைப் போட்டு பாலிஷ் மெஷின், செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் பூசும் பாதுகாப்புப் படலம்) எல்லாம் வாங்கி உடனே ஆரம்பித்துவிடலாமா, பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டுமா என்று கேட்கிறார்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மெஷினை வாங்குங்கள், கடையை இப்போது போடாதீர்கள் என்பதுதான் என் பதில். முதல் ஒரு வருடம் அடுத்தவர் வண்டியைக் கழுவுங்கள், உட்புறத்தைச் சுத்தம் செய்யுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாலிஷ் வேலையைப் பழைய பானட்டில் பழகுங்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போதைய கார்களில் தகடுக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பெயிண்ட் இருக்கும். கம்பெனியிலிருந்து வரும்போது எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அதாவது நம் பாலிஷ் வேலை முழுக்க ஒரு முடியைவிட மெல்லிய அடுக்குக்குள் நடக்கிறது. கீறலை நாம் நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து அதன் மட்டத்துக்கு இறக்குகிறோம். தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வராது. வெயிலிலிருந்து பெயிண்டைக் காப்பதும் அந்த அடுக்குதான். அளவுக்கு மீறித் தேய்த்த வண்டி அன்றைக்குப் பளபளக்கும். சில வருடம் கழித்துக் கிளியர் கோட் வெளுத்து உரிய ஆரம்பிக்கும்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த பாடம் இல்லை. ஆரம்பித்து நான்காவது மாதம், தெரிந்த ஒருவரின் கருநீலக் கார். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின். பானட் நடுவில் ஒரு மடிப்புக் கோடு ஓடும் இல்லையா, அதன் மேல் என் கை இரண்டு நொடி நின்றுவிட்டது. மெஷினின் முனையில் இருந்து தேய்க்கும் பேடைத் தூக்கினால் அதில் நீலம் ஒட்டியிருந்தது. பானட்டில் விரல் நுனி அளவுக்கு வெளிர் சாம்பலில் பிரைமர் எட்டிப்பார்த்தது. மடிப்பு, விளிம்பு போன்ற இடங்களில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், மெஷினின் அழுத்தம் முழுவதும் அந்த ஒரு கோட்டில் குவியும் என்று நான் படித்திருந்தேன். படித்தது கைக்கு வந்து சேரவில்லை. உடனே அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பானட்டை என் செலவில் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, பழகணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பழைய வண்டியையே கொடுத்திருப்பேனே" என்றார். அது திட்டியதைவிட அதிகமாக உறைத்தது.

அதற்குப் பிறகுதான் பழைய சாமான் கடையில் ஒடுக்கு விழுந்த பானட் ஒன்றையும் கறுப்புக் கதவு ஒன்றையும் வாங்கினேன். ஆறு மாதம் அவைதான் என் பள்ளிக்கூடம்.

பானட்டை மாஸ்கிங் டேப் ஒட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்து எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி தேய்த்தேன். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றை மட்டும் மாற்றினேன்: ஒன்றில் பேட், ஒன்றில் காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் பசை), ஒன்றில் வேகம், ஒன்றில் கை அழுத்தம். என்ன செய்தேன் என்று டேப்பின் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்தேன். இரவில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் எந்தக் கட்டம் தெளிந்திருக்கிறது, எதில் மங்கல் நிற்கிறது என்று பளிச்சென்று தெரியும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் என்ன ஆனது என்றே புரியாது. இந்தப் பொறுமைதான் எனக்கு வர நாளானது.

டூயல் ஆக்‌ஷன் மெஷினில் (சுற்றுவதோடு ஆடவும் செய்யும் வகை) பழகும்போது அதன் பேக்கிங் பிளேட் (பேட் ஒட்டும் தட்டு) ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் ஓடும்போது அந்தக் கோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோடு ஒரே இடத்தில் நின்று அதிர்ந்தால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள், அல்லது பேடைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். ஒரு தடவைக்கு இரண்டடிச் சதுரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். கை நொடிக்கு ஓர் அங்குலம் அளவில்தான் நகர வேண்டும்; முதலில் இது ஆமை வேகமாகத் தெரியும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தைப் பாதி மூட வேண்டும், முதலில் குறுக்கே, அப்புறம் நெடுக்கே.

பானட்டின் ஒரு மூலையில் மெஷினை நிறுத்தி, பெயிண்டை வேண்டுமென்றே எரிய விட்டேன். எரிவதற்குச் சற்று முன் பேட் லேசாக இழுக்கும், சத்தம் மாறும், ஒரு வாடை வரும், தொட்டால் கை வைக்க முடியாத சூடு இருக்கும். இந்த நான்கையும் உடம்பு தெரிந்து வைத்திருக்க வேண்டும். வீடியோவில் சூடும் வாடையும் வராது. பம்பரில் இன்னும் எச்சரிக்கை தேவை. பிளாஸ்டிக் சூட்டைப் பரவ விடாது, தகடைவிடச் சீக்கிரம் ஓர் இடத்திலேயே தேங்கிவிடும்.

இனி கழுவும் வேலைக்கு வருகிறேன். இதைச் சாதாரணம் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். வெயிலில் வட்டவட்டமாகத் தெரியும் ஸ்வர்ல் மார்க்குகள் பெரும்பாலும் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுபவைதான். முதலில் நுரை அடித்து ஊற விட்டு மண்ணை இறக்க வேண்டும். இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் அலசத் தண்ணீர். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. மேலிருந்து கீழே. நிழலில். கீழே விழுந்த துணி திரும்பப் பெயிண்டில் படவே கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் கீறல் விழுந்துகொண்டேயிருந்தது.

அந்தக் கறுப்புக் கதவைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்து வெளியே வைத்தேன். வாரம் ஒருமுறை வண்டியைக் கழுவுவது போலவே அதைக் கழுவி, விளக்கடியில் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஐந்தாவது வாரம் புரிந்தது: கழுவும்போது கீறல் விழவில்லை, துடைக்கும்போது விழுகிறது. நான் துணியை அழுத்தி முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு, பெரிய மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு மெல்ல ஒற்றி எடுக்க ஆரம்பித்தேன். அடுத்த ஐந்து வாரத்தில் புதிதாக ஒன்றும் விழவில்லை. அந்தத் துணிகளைத் துவைப்பதும் ஒரு வேலைதான். தனியாகத் துவைக்க வேண்டும், துணிக்கு மென்மை தரும் திரவத்தைச் சேர்க்கக் கூடாது, அதிகச் சூட்டில் உலர்த்தக் கூடாது. சேர்த்தால் இழைகள் அடைத்துத் தண்ணீரை உறிஞ்சாது; சூடு கூடினால் இழை கடினமாகிக் கீற ஆரம்பிக்கும்.

உட்புற வேலை பற்றி ஒரே விஷயம்: ஈரம் கடைசியில். முதலில் பிரஷ்ஷும் காற்றும், பிறகு வேக்குவம், அப்புறம்தான் கிளீனர், அதுவும் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு. சீட்டை நனைத்து ஊற விட்டால் இரண்டு நாளில் வாடை வரும். டேஷ்போர்டை எண்ணெய் பூசியது போலப் பளபளக்க வைக்காதீர்கள்; வெயிலில் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுகிறவர் கண்ணைக் கூச வைக்கும்.

பயிற்சி வகுப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் ஓர் இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். சான்றிதழ் கிடைத்தது, என் கையில் மெஷின் இருந்த நேரம் ஒரு மணி நேரம்கூட இல்லை. பொருள்களின் பெயரும் எதற்குப் பின் எது என்ற வரிசையும் தெரிந்தன, அந்த அளவில் பயன்தான். சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு பேனலுக்கு (கதவு, பானட் போன்ற ஒரு பாகத்துக்கு) எத்தனை பேர்? எத்தனை மணி நேரம் நானே செய்வேன்? பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். இன்டர்நேஷனல் டீட்டெயிலிங் அசோசியேஷன் என்ற அமைப்பு எழுத்துத் தேர்வுக்கு ஒரு சான்று, நேரில் செய்து காட்டுவதற்கு இன்னொரு சான்று என்று பிரித்தே வைத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு திறமைகள் என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

எனக்கு உண்மையில் பலன் தந்தது, அனுபவமுள்ள ஓர் அண்ணனிடம் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நின்றதுதான். முதல் மாதம் துணி துவைப்பதும் டேப் ஒட்டுவதும்தான் எனக்குக் கொடுத்த வேலை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் டேப் ஒட்டிக்கொண்டே அவர் ஒவ்வொரு வண்டியையும் தொடுவதற்கு முன் எவ்வளவு நேரம் வெறுமனே பார்க்கிறார் என்பதைப் பார்த்தேன். பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவியை எல்லாப் பேனலிலும் வைத்து எழுதிக்கொள்வார். மற்ற இடமெல்லாம் 110, ஒரு கதவு மட்டும் 250 என்றால் அந்தக் கதவு மறுபெயிண்ட். எங்காவது 80 காட்டினால் ஏற்கெனவே யாரோ தேய்த்துத் தள்ளியிருக்கலாம். அங்கே மெஷினே வைக்க மாட்டார். அந்தக் கருவி மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட்டைப் பிரித்துக் காட்டாது என்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். பிறகு, இருப்பதிலேயே மிருதுவான பேடும் பாலிஷும் வைத்து ஒரு சின்ன இடத்தில் முயன்று பார்ப்பார். அது போதவில்லை என்றால்தான் அடுத்த நிலைக்குப் போவார்.

வாடிக்கையாளரிடம் பேசுவதும் பழக வேண்டிய வேலைதான். வண்டியை வாங்கும்போதே அவரோடு ஒரு சுற்று நடந்து, விளக்கு அடித்து, இருக்கிற கீறல்களைப் படம் எடுத்துவிடுங்கள். நகத்தால் வருடினால் நகம் மாட்டும் கீறல் பாலிஷில் போகாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று எந்தக் காலத்திலும் சொல்லாதீர்கள். அது ஒன்றிரண்டு மைக்ரான் படலம். அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபமாகும், பளபளப்பு நிற்கும். கல் தெறித்தால் பெயிண்ட் பெயரத்தான் செய்யும், உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறை விழத்தான் செய்யும். கீழே கீறல் இருந்தால் அதன் மேலேயே மூடிவிடும், கீறல் அப்படியே தெரியும். கோட்டிங்கை உரிய நேரத்தில் துடைத்துச் சமன் செய்யாவிட்டால் திட்டுத் திட்டாக இறுகிவிடும். பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால் இதைக் கடைசியாகக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் திட்டத்தில் இதுதான் முதலில் இருக்கிறது.

ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த வண்டி, என்ன நிலை, எவ்வளவு நேரம், எங்கே தடுமாறினேன் என்று அன்றைக்கே எழுதுங்கள். என் முதல் முழு உட்புற வேலைக்கு ஏழு மணி நேரம் ஆனது. இருபதாவது வண்டியில் நாலரை மணி நேரம். கூலியை அந்த நோட்டை வைத்துத்தான் முடிவு செய்தேன். பக்கத்தில் இன்னொருவர் குறைவாக வாங்குகிறார் என்று இறக்கியிருந்தால் அவசரத்தில் வேலை கெட்டிருக்கும். நான் பார்த்துவந்த பழைய வேலையை விட்டது, இதை ஆரம்பித்து இரண்டு வருடம் கழித்து, மாதம் தவறாமல் கழுவக் கொடுக்கும் வண்டிகள் மட்டுமே வீட்டுச் செலவைத் தாங்கும் என்று நோட்டில் தெரிந்த பிறகு. அந்தக் கருநீலக் கார்க்காரரும் அதில் ஒருவர்.

சேமிப்பை என்ன செய்வது என்றால், முதலில் நல்ல துணிகளும் ஒரு நல்ல விளக்கும். பிறகு வேக்குவம், டூயல் ஆக்‌ஷன் மெஷின், தடிமன் அளக்கும் கருவி. ரோட்டரி இப்போது வேண்டாம். காம்பவுண்டும் பாலிஷும் ஒரே கம்பெனியில் ஒவ்வொன்று போதும், அதன் குணம் முழுக்கத் தெரியும்வரை இன்னொன்றைத் தொடாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் இதே பட்டியலில்தான். சில வீல் கிளீனர்கள் அமிலம் கலந்தவை, வெறுங்கையில் தொடவே கூடாது. மீதிப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். இந்த வாரம் ஒடுக்கு விழுந்த ஒரு பானட்டை மட்டும் வாங்கி வந்து, டேப் ஒட்டி, முதல் கட்டத்தில் மெஷினை வையுங்கள்.