வெள்ள மேலாண்மை படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா,

சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், முதுகலையில் வெள்ள இடர் மேலாண்மைதான் படிப்பேன் என்று உறுதியாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வெள்ளம் எப்போதாவது வந்து போகிறது, மற்ற நாட்களில் என்ன வேலை இருக்கும் என்பது உங்கள் முதல் கேள்வி. கட்டுமான நிறுவனத்தில் கிடைக்கும் சம்பளம் இதில் கிடைக்குமா என்பது இரண்டாவது. ஊரே தண்ணீரில் நிற்கும்போது பெண் பிள்ளை களத்துக்குப் போக வேண்டியிருக்குமே என்ற மூன்றாவது கவலையைக் கடைசி வரியில் வைத்திருக்கிறீர்கள். உங்களை அதிகம் அலைக்கழிப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணின் மனப்போக்குக்கு இந்த வேலை ஒத்துவருமா? முடிவு அதைப் பொறுத்தது.

முதலில் வேலை. வெள்ளம் வரும் சில நாட்கள் இத்துறையின் சிறு பகுதி. மழை பெய்யாத மாதங்களில்தான் பெரும்பாலான வேலை நடக்கிறது. எந்த அளவு மழைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று கணினி மாதிரி அமைப்பது, அதை வரைபடமாக்குவது, கரைகளையும் மதகுகளையும் சோதிப்பது, மழைமானிகளும் நீர்மட்ட அளவிகளும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்ப்பது, புதிய குடியிருப்புக்கு அனுமதி கேட்டு வரும் மனுக்களுக்கு வெள்ள நோக்கில் கருத்துச் சொல்வது, மக்களோடு சேர்ந்து வெளியேறும் ஒத்திகை நடத்துவது என்று ஆண்டு முழுவதும் வேலை உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சுவர்களில் படிந்திருக்கும் நீர்த்தடத்தை அளந்து, மாதிரி சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் அடுத்த முறை எச்சரிக்கை சரியாக அமைவது அந்த அளவைப் பொறுத்தது.

சம்பளத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். தனியார் ஆலோசனை நிறுவனங்களிலும், காப்பீடு மற்றும் மறுகாப்பீட்டு நிறுவனங்களிலும் வருமானம் நன்றாக இருக்கும். காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தருவது மறுகாப்பீடு; பேரிடர் இழப்பைக் கணித்துச் சொல்பவர்கள் இல்லாமல் அந்தத் தொழில் நடக்காது. அரசு நீர்வளத் துறை, நகராட்சி, வானிலை மற்றும் பேரிடர் அமைப்புகளில் ஊதியம் அவற்றைவிடக் குறையலாம், நிலைத்தன்மை அதிகம். தொண்டு நிறுவனங்களில் அனுபவம் விரிவாகக் கிடைக்கும், பணம் குறைவு. கட்டுமான நிறுவனத்தில் சேரும் நண்பர்களைவிட முதல் சில ஆண்டுகள் உங்கள் மகளின் வருமானம் குறைந்திருக்க வாய்ப்புண்டு. அதை இப்போதே வீட்டில் பேசி ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பேசுவது அவரை மிகவும் காயப்படுத்தும்.

இனி அந்த நான்காவது கேள்வி. கணக்கில் கெட்டிக்காரர்கள் இத்துறையில் நிறையவே இருக்கிறார்கள். கணக்கும் தெரிந்து, பொறியாளர், அரசு அலுவலர், குடியிருப்பவர் என்ற மூன்று தரப்பையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துப் பேசவைக்கத் தெரிந்தவர்கள்தான் மிகக் குறைவு. வெள்ளச் சேதத்தின் வரலாற்றைப் படித்தால் இந்தப் பற்றாக்குறையின் விலை புரியும்.

2005இல் கத்ரீனா புயலின்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் வெள்ளத்தடுப்புக் கரைகளும் சுவர்களும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியது. அவற்றை வடிவமைத்த ராணுவப் பொறியாளர் படையே நியமித்த ஆய்வுக்குழு, அங்கே இருந்தது பெயருக்குத்தான் ஓர் அமைப்பு என்ற முடிவுக்கு வந்தது. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு உயரத்தில் துண்டு துண்டாகக் கட்டி, பராமரிப்பை வெவ்வேறு வாரியங்களிடம் விட்டிருந்தார்கள். ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடங்கள் பலவீனமாக இருந்தன. வடிவமைப்பிலும் பிழைகள் இருந்தன என்பது உண்மை. ஆனால் மொத்தத்தையும் ஒன்றாகப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை என்பதுதான் என்னை அதிகம் உலுக்குகிறது.

2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் நடந்தது இன்னும் வேதனையானது. ஐரோப்பிய வெள்ள எச்சரிக்கை அமைப்பு பல நாட்களுக்கு முன்பே, ஆர் ஆறு போய்ச் சேரும் ரைன் ஆற்றுப் படுகைக்கான எச்சரிக்கைகளை உரிய அதிகாரிகளுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழையின் அளவு அசாதாரணமானது என்பதோடு, வந்த தகவல் "இப்போதே மேட்டுக்குப் போங்கள்" என்ற தெளிவான சொல்லாக, உரிய நேரத்தில், உரிய வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் வேலைக்குத்தான் உங்கள் மகள் போக நினைக்கிறார்.

ஒத்துழைப்பு நன்றாக அமைந்த இடங்களும் உண்டு. அவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பது அவற்றில்தான் தெரியும்.

இங்கிலாந்தின் வடக்கே பிக்கரிங் என்ற சிற்றூர் 1999 முதல் 2007 வரை நான்கு முறை வெள்ளத்தில் சிக்கியது. ஊரின் நடுவே பெரிய தடுப்புச் சுவர் எழுப்புவது வழக்கமான தீர்வு. காக்கப்படும் சொத்தோடு ஒப்பிட்டால் செலவு அதிகம் என்று அதற்கு நிதி கிடைக்கவில்லை. அப்போது சில பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வித்தியாசமான காரியம் செய்தார்கள். ஊர்க்காரர்களைக் கருத்துக் கேட்டு அனுப்பிவிடாமல், ஆய்வுக்குழுவின் உறுப்பினர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்களின் அனுபவ அறிவும் நீரியல் கணக்கும் ஒரே மாதிரியில் சேர்ந்தன. ஆற்றின் மேற்பகுதியிலேயே தண்ணீரைத் தாமதப்படுத்த முடியும் என்ற யோசனை அங்கே உருப்பெற்றது. பிறகு அரசு அமைப்புகளும் நில உரிமையாளர்களும் சேர்ந்து, ஓடைகளில் மரக்கட்டைத் தடுப்புகள் வைத்தார்கள், மரம் நட்டார்கள், ஊருக்கு மேலே நீர் தேக்கும் மண்கரை ஒன்றைக் கட்டினார்கள். 2015 டிசம்பரில் பெருமழை வந்தபோது இந்த ஏற்பாடுகள் வெள்ளத்தின் உச்ச அளவை 15 முதல் 20 சதவீதம் வரை குறைத்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். இன்னும் பெரிய மழைக்கு இது போதாமல் போகலாம். எல்லா ஊருக்கும் பொருந்தும் மருந்தும் இல்லை. அந்த ஊருக்கு அது கிடைத்ததற்குக் காரணம், யாருக்கு என்ன தெரியும் என்று பொறுமையாகக் கேட்ட சிலர் அங்கே இருந்தார்கள் என்பதுதான்.

நெதர்லாந்தின் கதை இன்னும் கடினமானது. 1953 வெள்ளத்தில் 1,836 பேரை இழந்த நாடு அது. கரையை உயர்த்துவதில் உலகுக்கே வழிகாட்டியவர்கள், 1995இல் ஆறுகள் பெருகி இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற நேர்ந்த பிறகு, கரையை உயர்த்திக்கொண்டே போக முடியாது, ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆற்றுக்கு இடம் விடுவது என்றால் அங்கே வாழ்பவர் இடம் மாற வேண்டும். ஓவர்டீப் என்ற தாழ்நிலத்தில் இருந்த விவசாயிகள், அரசு திட்டத்தைத் திணிக்கும்வரை காத்திருக்கவில்லை. மண்மேடுகள் எழுப்பி, பண்ணைகளை அவற்றின் மேல் மாற்றிவிட்டால், பெருவெள்ளம் வரும்போது தண்ணீர் வயல் மீது பாய்ந்து போகட்டும் என்று அவர்களே திட்டம் தந்தார்கள். அரசு அதை ஏற்றது. சில குடும்பங்கள் மேட்டில் தங்கின, சில குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போயின. தலைமுறையாக உழுத நிலம் அது. இதை வெற்றிக் கதை என்று எழுதுபவர்கள் போனவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை, அது எனக்கு உடன்பாடில்லை. இத்தகைய பேச்சுவார்த்தைகளில் வீட்டை இழக்கப்போகும் ஒருவர் எதிரே உட்கார்ந்து கோபப்படுவார், அழுவார். உங்கள் மகள் அவரைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கணக்குத் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதவரா அவர்? இதை நீங்கள்தான் அறிவீர்கள், வளர்த்தவர் நீங்கள்.

ஒரு சிறு சோதனை சொல்கிறேன். "நூறாண்டு வெள்ளம்" என்றால் என்ன என்று மகளை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், சென்ற ஆண்டு வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று வீடும் கட்டிவிடுகிறார்கள். உண்மையில், எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர ஒரு சதவீத வாய்ப்பு உண்டு என்பதே பொருள். அப்படியானால் முப்பது ஆண்டுகள் அந்த வீட்டில் வாழ்பவர் ஒருமுறையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம். கல்லூரி மாணவி இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார். கணக்குப் படிக்காத ஒருவரைப் பயமுறுத்தாமலும், அலட்சியப்படுத்தவிடாமலும் அதைப் புரியவைக்கிறாரா, நீங்கள் குறுக்கிட்டுக் கேட்டால் எரிச்சலடைகிறாரா என்று கவனியுங்கள். எரிச்சலடைந்தால் கவலை வேண்டாம், வயது இருக்கிறது, பழகிக்கொள்ளலாம். விளக்குவதில் ஆர்வமே இல்லையென்றால், மாதிரி அமைக்கும் ஆராய்ச்சிப் பக்கம் போவது அவருக்கு நல்லது. அதுவும் மதிப்பான வேலைதான்.

மூன்றாவது கவலைக்கு வருகிறேன். ஓடும் தண்ணீரில் இறங்கி மீட்பது பயிற்சி பெற்ற மீட்புப் படையினரின் வேலை. பொறியாளர்கள் பெரும்பாலும் கட்டுப்பாட்டு அறையில் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரையில் கசிவு இருக்கிறதா என்று இரவில் ரோந்து போக வேண்டிய பணிகளும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு விதிமுறைகள் இருக்கின்றன, தனியாக அனுப்பக் கூடாது. வேலைக்குச் சேரும்போது பாதுகாப்புப் பயிற்சி என்ன தருகிறீர்கள் என்று மகள் தயங்காமல் கேட்கட்டும்.

பெண் என்பதால் தயங்குகிறீர்கள் என்றால், வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்த நாடு அது. 1972இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் ஊர்தோறும் தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள், தங்குமிடங்கள் கட்டினார்கள். 2007இல் சித்ர் புயல் தாக்கியபோது இறப்பு சுமார் 3,400. அதுவும் பெருந்துயரம்தான், ஆனாலும் எவ்வளவு உயிர்கள் காக்கப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். இடையே 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். எச்சரிக்கை அவர்களைச் சரியாக எட்டவில்லை. வீட்டையும் குழந்தைகளையும் விட்டு வெளியேறும் முடிவு அவர்கள் கையில் இல்லை. தங்குமிடத்தில் அவர்களுக்கு வசதியும் இல்லை. இன்று அந்தத் திட்டத்தின் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். கூட்டத்துக்கு வராத பெண்களிடம் வீட்டுக்கே போய்ப் பேசி, எது தடுக்கிறது என்று கேட்டுவரக்கூடிய பொறியாளர் இத்துறைக்கு மிகவும் வேண்டியவர்.

படிப்பைப் பொறுத்தவரை, நீரியல், நீரியக்கவியல், புள்ளியியல் மூன்றும் அடித்தளம். இவற்றில் மதிப்பெண் குறைந்தால் வேறு எந்தத் திறமையும் ஈடுகட்டாது. மண் இயக்கவியலை ஒதுக்க வேண்டாம், கரைகள் உடைவது அங்கேதான் புரியும். ஆற்று நீரோட்டத்தைக் கணக்கிடும் ஹெக்-ராஸ், நகர மழைநீர் வடிகாலைக் கணக்கிடும் எஸ்.டபிள்யூ.எம்.எம்., வரைபடம் தயாரிக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளின் படங்களும் இலவசம். இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஒரு சிற்றாற்றை எடுத்துக்கொண்டு மாதிரி அமைக்கட்டும், பிறகு அங்கே குடியிருப்பவர்களிடம் வரைபடத்தைக் காட்டித் தவறுகளைக் கேட்டுவரட்டும். வேலைக்கான நேர்காணலில் அந்தத் திருத்தங்களைப் பற்றிப் பேசும் மாணவருக்கு மதிப்பு கூடும்.

முதுகலைக்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் உள்ள ஐ.எச்.இ. என்ற நீர்க் கல்வி நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. டிரெஸ்டன், பார்சலோனா, லூப்லியானா பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து வெள்ள இடர் மேலாண்மைக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பை அது நடத்தி வந்திருக்கிறது. சேர்க்கையும் உதவித்தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் மகளே நேரடியாகச் சரிபார்க்கட்டும். எந்தப் படிப்பைத் தேர்ந்தாலும் பாடத்திட்டத்தில் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல், சட்டம், மக்கள் பங்கேற்பு இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் மென்பொருள் பயிற்சியாக இருந்தால் அதற்காகப் பெரிய கடன் வாங்க வேண்டாம்.

உடனே கடன் எடுத்துப் படிக்க அனுப்புவதைவிட, பட்டம் முடிந்ததும் ஓர் ஆண்டு ஏதாவதொரு வெள்ளத் திட்டத்தில் இளநிலைப் பொறியாளராகவோ பயிற்சியாளராகவோ சேர்வது நல்லது என்பது என் கருத்து. சேரும் இடத்தில் பல துறைகள் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று கேட்கச் சொல்லுங்கள். அமெரிக்க மாநிலங்களில் "சில்வர் ஜாக்கெட்ஸ்" என்ற பெயரில் கூட்டாட்சி, மாநில, உள்ளூர் அமைப்புகள் ஒரே குழுவாகக் கூடுகின்றன. வழக்கமாக ஒவ்வோர் அமைப்பும் தனி நிறச் சட்டையில் வரும், இங்கே எல்லோருக்கும் ஒரே வெள்ளி நிறச் சட்டை, ஒரே பணி என்பதே அந்தப் பெயரின் பொருள். அப்படி ஒரு குழுவின் கூட்டங்களில் குறிப்பெடுப்பவராக உட்கார்ந்தாலே, எந்த அலுவலகம் எதற்குத் தயங்குகிறது, எந்தக் கையெழுத்து எங்கே தாமதமாகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அந்த ஓராண்டு முடிந்தும் ஆர்வம் குறையாமல் இருந்தால் விண்ணப்பத்துக்கு நான் உதவுகிறேன். மதிப்பெண் பட்டியலையும், இந்த விடுமுறையில் அவர் அமைக்கும் மாதிரியையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள்.