துணி மடித்தால் ஐந்து ரூபாய்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் கிராமம். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. பொறுப்பு வரட்டும் என்று வீட்டு வேலைக்கெல்லாம் ரேட் வைத்தார் என் கணவர். துணி மடித்தால் ஐந்து ரூபாய், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால் பத்து. கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. போன வாரம் அப்பாயி குடிக்கத் தண்ணீர் கேட்க, பையன் "எவ்வளவு தருவீங்க?" என்றான். "ஆம்பளைப் புள்ளைய வீட்டு வேலை வாங்குனா இப்படித்தான்" என்று அத்தை என்னைச் சொல்கிறார். காசு கொடுப்பதையே நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

காசை நிறுத்த வேண்டாம், ரேட்டை எடுத்துவிடுங்கள்.

பையனைத் திட்டாதீர்கள். துணி மடிக்கக் கூலி உண்டென்றால் தண்ணீர் கொண்டுவர ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறான், கணக்கு சரிதான். அடுத்தவர் வயலில் நடவு நட்டால் கூலி உண்டு. நம் களத்தில் காயும் நெல்லைக் கோழி கிளறாமல் பார்த்துக்கொள்ள எந்தப் பிள்ளையும் கூலி கேட்டதில்லை. உங்கள் ஊரில் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2008இல் ஜெர்மனியில் வார்னகென், டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் இருபது மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். உதவி செய்ததற்குப் பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின. சும்மா பாராட்டப்பட்டவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை.

ஆளுக்கொரு வேலையை அவரவர் பொறுப்பு என்று ஒப்படைத்துவிடுங்கள். மாடு பையனுக்கு என்றால் அவனுக்குத்தான். மறந்தால் மாடே கத்தும், நம்மைவிட நல்ல வாத்தியார் அது. அப்போது நீங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் அவனைக் கூப்பிடுங்கள். மகள் மடித்த துண்டு கோணலாகத்தான் இருக்கும், ஓரம் ஓரத்தோடு சேராது. அவள் கண்ணெதிரே அதைப் பிரித்து மறுபடி மடிக்கும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்தப் பிள்ளை துணிப்பக்கமே வராது. கோணல் துண்டால் யாருக்கும் முதுகு துடைக்க முடியாமல் போவதில்லை.

கைக்காசு தனி. வாரம் ஒரு நாள், வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், அதே தொகை. கோபத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்று எல்லாவற்றையும் ஒரே பொம்மைத் துப்பாக்கியில் விட்டுவிட்டு, பஞ்சுமிட்டாய்க்கு உங்கள் முகத்தைப் பார்ப்பான். கொடுக்காதீர்கள். அவனுக்குப் பத்து நிறைந்துவிட்டதால் தபால் அலுவலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே பார்த்துக்கொள்ளலாம், 500 ரூபாய் இருந்தால் போதும். வெளியாள் வைத்துச் செய்கிற வேலை, ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டுவது மாதிரி, அவனாகக் கேட்டுச் செய்தால் அதற்கு மட்டும் கூலி கொடுங்கள்.

அத்தையிடம் வாதாட வேண்டாம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன உங்கள் பக்கத்து ஆம்பளைப் புள்ளைகள் அங்கே யார் கழுவிய தட்டில் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ரேட் வைத்தது உங்கள் கணவர், எடுப்பதையும் அவரே சொல்லட்டும். பழைய பாக்கி இருந்தால் முதலில் தீர்த்துவிடச் சொல்லுங்கள். பையன் கணக்கு வைத்திருப்பான்.