பழைய எம்ஜிபி வாங்கப் போறீங்களா, முதல்ல கீழ படுத்துப் பாருங்க

கேரளா பார்டர்ல, பாலக்காடு பக்கம் இருக்கற கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. எர்ணாகுளம் பக்கம் ஒரு வீட்டு ஷெட்டுல 1971 மாடல் எம்ஜிபி, அதாவது இங்கிலாந்துல செஞ்ச பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு நிக்குதாம், மேல் கூரை இல்லாத ரோட்ஸ்டர், ஸ்போக் வீல், சிவப்பு பெயிண்ட் புதுசா அடிச்சிருக்காங்க, நம்பர் பழைய தமிழ்நாட்டு நம்பர். என்ஜின் ரீபோர் (தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு சரி பண்றது) பண்ணி 2000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு சொல்றாங்க, ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாங்க, சத்தம் அருமையா இருந்துச்சுன்னு எழுதியிருக்காரு. "அட்வான்ஸ் குடுத்துடலாமாண்ணா, இல்ல வேற என்ன பாக்கோணும்?" இதுதான் கேள்வி.

தம்பி, அட்வான்ஸ் இப்ப வேண்டாங்க. நீங்க எழுதினது பூராவும் என்ஜினைப் பத்தியும் பெயிண்டைப் பத்தியும்தான் இருக்குது, இந்த வண்டில அது ரெண்டும்தான் சுலபமா சரி பண்ற விஷயம். எம்ஜிபி என்ஜின் 1798 சிசி, பிஎம்சிங்கற இங்கிலாந்து கம்பெனியோட பி சீரிஸ் ரகம், நம்ம அம்பாசடர்ல வந்த 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் அதே குடும்பம்தான். பார்ட்ஸ் எல்லாம் அப்படியே மாத்திப் போட்டுக்கலாம்னு அர்த்தம் இல்ல, ஆனா அம்பாசடர் என்ஜின் பிரிச்சுப் பழகின மேஸ்திரி பொள்ளாச்சிலயும் பாலக்காட்டுலயும் இன்னும் இருக்காங்க, அவங்க கைக்கு இது புதுசா தெரியாது. பாடி அப்படி இல்லைங்க. இதுல தனியா சேஸிஸ் கிடையாது, பாடியே தான் சேஸிஸ், அதுலயும் கூரை இல்லாததால முன்னாடி பாதியையும் பின்னாடி பாதியையும் புடிச்சு வெச்சிருக்கறதுல பெரும்பங்கு கதவுக்குக் கீழ நீளமா ஓடற, சில்னு சொல்ற ரெண்டு இரும்புப் பகுதிதான், அது போச்சுன்னா வண்டி நடுவுல தொங்க ஆரம்பிச்சுடும்.

எனக்கு இது எப்படி மனசுல பதிஞ்சதுன்னா, சில வருஷம் முன்னாடி பாலக்காட்டுக்கு ஒருத்தருக்காக இதே மாதிரி ஒரு வண்டி பாக்கப் போனேன், மேல கண்ணாடி மாதிரி பெயிண்ட். ஓனர்கிட்ட கேட்டுட்டு சில்லோட அடிப்பக்கம் ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிட்டே வந்தேன், டங் டங்னு வந்த சத்தம் பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னாடி தொப்னு ஆயிருச்சு. லேசா அழுத்தினதும் பட்டி (பெயிண்டுக்கு அடில ஓட்டையை அடைக்கப் பூசற பூச்சு) பொளந்து உள்ள போயிருச்சு, ஓட்டைல விரலை விட்டா கைக்கு வந்தது இரும்பு இல்ல, மலையாள நியூஸ் பேப்பர். சுருட்டித் திணிச்சு மேல பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சிருக்காங்க, பேப்பர் தண்ணி குடிச்சு பிண்ணாக்கு மாதிரி உதிருது. ஓனருக்கே தெரியாது பாவம், அவர் முகம் அப்படியே வாடிப் போச்சு. அந்த வேலை பண்ணின ஒர்க்‌ஷாப் மேல எனக்கு இன்னும் கோபம் இருக்குது, அது உயிர் சம்பந்தப்பட்ட இடம்.

அதனால போறப்ப ஒரு டார்ச், சின்ன காந்தம், காந்தத்துக்குச் சுத்த மெல்லிசு துணி, கீழ படுக்க ஒரு சாக்கு எடுத்துக்குங்க. காந்தத்தை சில், சக்கர வளைவு, முன் விங்கோட (சக்கரத்துக்கு மேல இருக்கற மட்கார்டு தகடு) கீழ் மூலை எல்லாம் வெச்சுப் பாருங்க, ஒட்டாத இடத்துல இரும்பு இல்ல, பட்டிதான். முன் விங்கும் சில்லும் சேர்ற இடத்துல கதவுக்கு முன்னாடி மெல்லிசா ஒரு ஜாயிண்ட் கோடு தெரியோணும், வழவழன்னு கோடே இல்லாம இருந்தா பழைய சில் மேலயே புதுத் தகடு போத்தி டிங்கரிங் பண்ணியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம், ஏன்னா ஒழுங்கா மாத்தறதுன்னா விங்கோட அடிப்பாகத்தையும் அறுத்து எடுத்துத்தான் பண்ணோணும், அந்த மெனக்கெடு நிறையப் பேர் படறதில்ல. அப்புறம் கதவு கேப் பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவா இருக்குதான்னு. ஓனர் சம்மதிச்சா ஒரு பக்கம் சில்லுல ஜாக்கி பாயிண்டுல போட்டுத் தூக்கச் சொல்லிட்டு கதவைத் திறந்து மூடிப் பாருங்க, தரைல நிக்கறப்ப சுளுவா மூடின கதவு தூக்கினதும் சிக்குச்சுன்னா சில்லுல பலம் இல்லைன்னு அர்த்தம். ஜாக்கி போடவே பயப்படறாங்கன்னா அதுவும் ஒரு பதில்தானுங்க.

சீட்டுக்குப் பின்னாடி கார்பெட்டைத் தூக்கினா ஒரு மூடி இருக்கும், அதுக்குக் கீழ பேட்டரி. 1971ல ரெண்டு 6 வோல்ட் பேட்டரி வந்துச்சு, இப்ப பலரும் ஒரே 12 வோல்ட்டா மாத்தியிருப்பாங்க, அது தப்பில்ல, ஆனா அந்தப் பொட்டி ஆசிட்ல அரிச்சுப் போயிருக்கான்னு பாக்கோணும். கால் வெக்கற இடத்துல கார்பெட்டுக்குக் கீழ கையை வெச்சுப் பாருங்க, ஈரமும் பூஞ்சை வாசமும் இருந்தா தரையும் போயிட்டிருக்குது. நம்ம கொழிஞ்சாம்பாறைல மழை கம்மி, காத்துதான் ஜாஸ்தி, எர்ணாகுளம் அப்படி இல்லைங்க, உப்புக் காத்தும் எடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) வருஷா வருஷம் வாங்கின வண்டி அது, மூடாத ஷெட்டுன்னா இன்னும் மோசம். முடிஞ்சா மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்க.

என்ஜினுக்கு வருவோம். நீங்க போறதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க, போனதும் பானெட் மேல கை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காங்க, என்ஜின் ஆறிப் போய் இருக்கறப்ப ஸ்டார்ட் ஆகறதுல பிரச்சனை இருக்கலாம். சாவி போட்டதும் பின்னாடி இருந்து டிக் டிக்னு வந்து நின்னா அது எஸ்யூ பெட்ரோல் பம்ப், கார்பரேட்டர் நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தம், ஸ்டார்ட் பண்ணாமலேயே நிக்காம தட்டிட்டே இருந்தா எங்கயோ லீக்கு இருக்குது, இல்லைன்னா பம்ப் போச்சு. சூடானப்புறம் டேஷ்போர்டுல ஆயில் பிரஷர் ஓட்டத்துல 50 பிஎஸ்ஐக்கு மேல நிக்கோணும், ஐட்லிங்ல 15ல இருந்து 25 வரைக்கும் பரவாயில்ல. ரீபோர் பண்ணினேன்னு சொன்னா பில் கேளுங்க, ஹெட்டுல கெட்டியான வால்வ் சீட் போட்டாங்களான்னும் கேளுங்க, ஏன்னா இது லெட் (ஈயம்) கலந்த பெட்ரோலுக்கு செஞ்ச என்ஜின், லெட் இல்லைன்னா பழைய சீட் தேயும், நம்ம நாட்டுல 2000ல லெட் பெட்ரோல் நின்னு போச்சு. இப்ப பங்க்ல வர்ற இ20 பெட்ரோல்ல (20 சதவீதம் எத்தனால் கலந்தது) இருக்கற எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை ஊற வெச்சு விரிசல் விட வெக்கும், சூடான சைலன்சர் பக்கத்துல பெட்ரோல் ஒழுகினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. வாங்கினா முதல் செலவா எல்லா ஹோஸும் எத்தனால் தாங்கற ரகமா மாத்திருங்க.

ஸ்போக் வீல்னு சொன்னீங்க. சக்கரத்தைத் தூக்கி, ஒருத்தர் பிரேக்கை அழுத்திப் புடிச்சிருக்க நீங்க சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்க, டக் டக்னு அடிச்சா ஹப்போட பல் தேஞ்சிருச்சு, நாலு சக்கரத்துக்கும் மாத்தறதுன்னா நல்ல செலவு. முன் சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினா கிங்பின் (முன் சக்கரம் திரும்பறதுக்கு அச்சா இருக்கற பின்) ஆட்டம் தெரியும், கிரீஸ் அடிக்காத வண்டில இது கண்டிப்பா இருக்கும்.

பேப்பர் விஷயம் தான் நம்ம பார்டர் ஆளுங்களுக்குத் தலைவலி. 1989க்கு முந்தின தமிழ்நாட்டு நம்பர்னா ஆர்சி விவரம் வாகன்ங்கற அரசாங்க வண்டிப் பதிவு வெப்சைட்ல ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லைன்னா பதிவு பண்ணின ஆர்டிஓல பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவை கம்ப்யூட்டர்ல ஏத்தறது) போட்டுத்தான் ஃபார்ம் 28ல என்ஓசி வாங்கி கேரளாவுக்கு மாத்த முடியும், அந்த வேலையை விக்கறவர் முடிச்சுக் குடுக்கட்டும், நீங்க இழுத்துப் போட்டுக்காதீங்க. வண்டில இருக்கற சேஸிஸ் பிளேட்டை ஆர்சியோட எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க, 1971 ரோட்ஸ்டர்னா ஜிஹெச்என்5னு ஆரம்பிக்கோணும், ஜிஹெச்டின்னு இருந்தா அது கூரை வெச்ச ஜிடி மாடலோட நம்பர், அப்ப அந்த பிளேட் வேற வண்டியோடது. 50 வருஷம் தாண்டினதால 2021ல வந்த விண்டேஜ் விதில பதிவு பண்ணிக்கலாம், ஃபீஸ் 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும், ஆனா அப்படிப் பண்ணினா தினம் ஆபீஸுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது, ரேலி, கண்காட்சி, சர்வீஸ், பெட்ரோல் போட இந்த மாதிரிக்கு மட்டும்தான். எதுக்கு வாங்கறீங்கன்னு யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

சில்லும் தரையும் கெட்டியா இருந்து என்ஜின் புகை விட்டாலும் எடுங்க, அதைக் குறைச்சுப் பேசிக்கலாம். 1980 வரைக்கும் 5 லட்சத்துக்கும் மேல செஞ்ச வண்டி, இங்கிலாந்துல இன்னமும் பார்ட்ஸ் எல்லாம் புதுசா வருது. சில் போயிருந்தா மட்டும் அந்த சிவப்பு பெயிண்டைப் பாத்து மனசு மாறாம பஸ் ஏறி வந்துருங்க. போறதுக்கு முன்னாடி சில்லோட அடிப்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, வந்தா எனக்கும் அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.