மூன்றாவது ஸ்லைடிலேயே நிறுத்திவிடுகிறார்கள்!

கேள்வி: பன்னிரண்டு வருடமாகத் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் குழுத் தலைவியாக்கினார்கள். குழுவுக்குள் நன்றாகவே பேசுவேன். மேலதிகாரிகள் முன்னால் பிரசன்டேஷன் கொடுக்க எழுந்தால்தான் வம்பு. மூன்றாவது ஸ்லைடு தாண்டுவதற்குள், "சரி, இப்ப என்ன வேணும்னு சொல்லுங்க" என்று நிறுத்திவிடுகிறார்கள். அதோடு நாக்கு வறண்டு, குரல் நடுங்கி, மீதியை ஓட்டமாக வாசித்து முடிக்கிறேன். மேடைப் பேச்சு வகுப்பில் சேர்ந்தால் சரியாகுமா? போன மாதம் கொடுத்த ஸ்லைடுகளை இணைத்திருக்கிறேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வகுப்பில் தாராளமாகச் சேருங்கள். நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கும் கூச்சம் போகும். ஆனால் உங்கள் சிக்கல் குரலில் இருப்பதாக எனக்குப் படவில்லை.

நீங்கள் அனுப்பிய 28 ஸ்லைடுகளையும் உட்கார்ந்து பார்த்தேன். முதலாவது 'பின்னணி'. அடுத்தது 'ஆய்வு முறை'. அப்புறம் அட்டவணை, அட்டவணை, இன்னும் அட்டவணை. 26-ஆவது ஸ்லைடில், நாலாவது வரியில், பொடி எழுத்தில் வருகிறது விஷயம்: 'தற்போதைய பேக்கப் முறை தோற்றால் இரண்டு நாள் தரவை மீட்க முடியாது.' இதையா இவ்வளவு பத்திரமாக ஒளித்து வைப்பது?

ஒளித்தீர்கள் என்பது கொஞ்சம் அநியாயமான வார்த்தைதான். நீங்கள் கண்டுபிடித்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போயிருக்கிறீர்கள். முதலில் சந்தேகம், பிறகு சோதனை, கடைசியில் முடிவு. வேலை செய்தவருக்கு அது இயல்பான வரிசை. கேட்பவரோ எதற்காக இதையெல்லாம் கேட்கிறோம் என்றே தெரியாமல் 25 ஸ்லைடு உட்கார்ந்திருக்க வேண்டும். 'என்ன வேணும்' என்று அவர் கேட்டதில் கோபம் இருந்திருக்கலாம். கேள்வி என்னவோ நியாயமானது.

சேதி அடியில் புதைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடுமையான உதாரணம் உண்டு. 2003 ஜனவரி 16-ல் கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியாளர்கள் கணக்குப் போட்டு நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒன்றின் தலைப்பைப் படித்தால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். அதே ஸ்லைடின் கடைசி வரிக்குப் போங்கள். அந்தக் கணக்குக்கு ஆதாரமாக வைத்த சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், ஓடத்தில் மோதியதோ 1,920. அதாவது 640 மடங்கு! சோதனை முடிவை இந்த மோதலுக்குப் பொருத்திப் பார்ப்பதே கஷ்டம் என்பதுதான் அங்கே சொல்ல வேண்டிய சேதி. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் ஓடம் சிதறி, ஏழு பேரும் இறந்துபோனார்கள். ஸ்லைடுதான் கொன்றது என்று சொல்லவரவில்லை, காரணங்கள் பல. ஆனால் ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை அந்த ஒற்றை ஸ்லைடை எடுத்துக்காட்டி, இதைப் படிக்கும் உயரதிகாரிக்கு உயிராபத்து பற்றிய பேச்சு இது என்றே உறைக்காமல் போயிருக்கும் என்ற பொருளில் எழுதியது.

உங்கள் ஸ்லைடுக்கு வருவோம். 'பேக்கப் அமைப்பு: நிலை ஆய்வு' என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள். அது கோப்புக்கு ஒட்டும் சீட்டு. அந்த இடத்தில் முழு வாக்கியமாக எழுதுங்கள்: 'பேக்கப் முறையை இந்தக் காலாண்டுக்குள் மாற்ற அனுமதி வேண்டும், மாற்றாவிட்டால் ஒரே கோளாறில் இரண்டு நாள் தரவு போய்விடும்.' இரண்டாவது ஸ்லைடில் செலவு, காலம், மாற்றும்போது எந்தச் சேவை எவ்வளவு நேரம் நிற்கும். மூன்றாவதில் ஆதாரமாக ஒரே ஒரு அட்டவணை. மிச்சத்தையெல்லாம் அழித்துவிடாதீர்கள், பின்னால் தள்ளி வையுங்கள். "இதை எப்படிச் சொல்றீங்க?" என்று யாராவது கேட்கும்போது சட்டென்று 19-ஆவது ஸ்லைடைத் திறந்து காட்டினால், அந்த உழைப்புக்கு அப்போதுதான் மரியாதை.

ஒத்திகை பார்க்கும்போது உங்கள் குழுவை உட்கார வைக்காதீர்கள். 1990-ல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆராய்ச்சி மாணவி ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். ஒருவர் மனசுக்குள் ஒரு பாட்டை ஓட்டிக்கொண்டு மேஜையில் தாளம் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். கண்டுபிடிக்கப்பட்டதோ 120-க்கு 3. தட்டுகிறவர் காதில் பாட்டே ஒலிக்கிறது, எதிராளிக்கு வெறும் டொக் டொக். உங்கள் குழுவுக்கும் அந்தப் பாட்டு தெரியும் என்பதுதான் சிக்கல். கணக்குப் பிரிவிலோ விற்பனைப் பிரிவிலோ ஒருவரைப் பிடித்து மூன்று நிமிடம் சொல்லிப் பாருங்கள். முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். "நான் என்ன கேட்கிறேன்னு நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள்.

நடுக்கத்துக்குப் பெரிய வைத்தியம் எதுவும் என்னிடம் இல்லை. எனக்கே இன்னும் முதல் நிமிடம் உள்ளங்கை வேர்க்கிறது. முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வேன், முழுப் பேச்சையும் அல்ல. முழுதும் மனப்பாடம் செய்தவர் நடுவில் ஒரு சொல் தப்பினால் அங்கேயே நின்றுபோவார். ஒத்திகையில் ஒருவரை வேண்டுமென்றே குறுக்கே பேசச் சொல்லுங்கள். கேள்வி வந்ததும் ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். உங்களுக்கு யுகமாகத் தோன்றும் அந்த இடைவெளி, கேட்பவருக்கு நீங்கள் யோசிக்கிறீர்கள் என்று மட்டுமே தெரியும். தெரியாத கேள்வி வந்தால், "அந்தக் கணக்கு இப்போ கையில் இல்லை, நாளை மாலைக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்பிவிடுங்கள்.

திருத்தியதும் எனக்கு அனுப்பி வையுங்கள். முதல் ஸ்லைடு மட்டும் போதும், 28-ஐயும் வேண்டாம்.