தொப்பை எங்கே, முட்டி எங்கே? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உடம்பின் பாகங்களைப் பாட்டாகச் சொல்லும் கெட்டி அட்டைப் புத்தகங்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் பெரம்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பறை நடத்துகிறேன். அதற்கு முன்னால் பால்வாடி டீச்சர். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஏரியாவை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் பையனுக்கு ஒன்றேகால் வயது. புத்தகத்தை வாயில் வைத்துச் சப்புகிறான். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் டப்பென்று மூடிவிடுகிறான். உட்கார வைத்து முழுசாகக் கேட்கப் பழக்க வேண்டாமா? – வேளச்சேரி

வேண்டாம். அவன் சப்புவான் என்று தெரிந்துதான் அவ்வளவு கெட்டியான அட்டையில் போட்டு, மூலையை வட்டமாக வெட்டியிருக்கிறார்கள். இந்த வயதில் திறப்பதும் மூடுவதும்தான் வாசிப்பு. மூக்குப் பக்கம் திறந்ததா? உங்கள் மூக்கைத் தொட்டு, அவன் மூக்கைத் தொட்டு, இரண்டு வரி பாடுங்கள். மூடிவிட்டானா, சரி, அத்தோடு விடுங்கள். நாளைக்கும் அதே பக்கத்தைத்தான் திறப்பான், திறக்கட்டும்.

எனக்குச் சண்டை வேறு ஒன்றோடு. வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளையை நடு ஹாலில் நிறுத்தி, "மாமாவுக்கு மூக்கு எங்கேன்னு காட்டு, காது எங்கே, தொப்பை எங்கே?" என்று பரீட்சை வைப்பது. காட்டினால் கைதட்டல். காட்டாவிட்டால், "நேத்து காட்டினானே!" என்று வந்தவரிடம் சமாதானம். இப்படியே போனால் புத்தகத்தைப் பார்த்ததும் பிள்ளை ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் தப்பாகச் சொல்லிப் பாருங்கள். உங்கள் காதைப் பிடித்துக்கொண்டு, "இதுதானே என் மூக்கு?" என்று கேளுங்கள். கத்திக்கொண்டு வந்து உங்கள் மூக்கைப் பிடித்து இழுப்பான்.

பேர் சொன்னால் பாகத்தைக் காட்டுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் வரும். முன்னே பின்னே இருக்கும், கவலை வேண்டாம். ஆனால் ஒன்றரை வயது தாண்டியும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் குழந்தை டாக்டரிடம் காட்டி, காதையும் சோதித்துவிடுங்கள். "எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாருமே லேட்டுதான்" என்று காத்திருக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருக்கும் மகன் பேரனுக்கு ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்கள் அனுப்புகிறான். நான் தமிழில் சொல்லிப் பார்த்தால் ஓசையே வருவதில்லை, ஏதோ நோட்டீஸ் படிப்பதுபோல் இருக்கிறது. பேரனும் எழுந்து போய்விடுகிறான். – புரசைவாக்கம்

ஐயா, அந்த வரிகளை விட்டுவிடுங்கள். படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பாட்டு வரிக் கடைசியில் ஒலியைச் சேர்த்துக் கட்டியது, அதை மாற்றினால் உதிரத்தான் செய்யும். நம் காது வரியின் தலையைத்தான் முதலில் கேட்கும். எதுகை, மோனை எல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதானே? உடம்பே மோனையாகத்தான் அமைந்திருக்கிறது: கண், காது, கை, கால், கழுத்து, மூக்கு, முகம், முடி, முட்டி, முதுகு. வேலை பாதி முடிந்தது. நான் பிள்ளைகளுக்குச் சொல்கிற ஒன்று:

கையைத் தட்டு, டப் டப்!
பையைத் தட்டு, தொப் தொப்!
காலை நீட்டு கட்டில் மேலே,
வாலை ஆட்டு பூனை போலே!

இலக்கணம் பார்க்காதீர்கள். நாலாவது வரியில் பிள்ளை என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை நிஜமாகவே திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்க்கும். இரண்டரை வயதுப் பிள்ளை, "எனக்கு வாலே இல்ல!" என்று உங்களைத் திட்டும். இரண்டும் நல்லதுதான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. பிள்ளைத்தமிழில் செங்கீரை, சப்பாணி, முத்தம், வருகை என்று பருவம் பருவமாகப் பாடிவைத்தது எதை? குழந்தை ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடுவதை, ஒன்பதாம் மாதத்தில் இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுவதை, ஒரு வயதில் தளர்நடை போட்டு வருவதை. கையும் காலும் எப்போது எதைச் செய்யும் என்று பார்த்துப் பார்த்துத்தான் புலவர்கள் வரி போட்டிருக்கிறார்கள். நீங்களும் பேரனைப் பார்த்து வரி போடுங்கள். மகனுக்கு வருத்தம் வேண்டாம். ஆங்கில வரிகளை அவனே வீடியோ காலில் படித்துக் காட்டட்டும்.

போனில் இதே மாதிரி பாட்டு ஆயிரம் இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா? – கொளத்தூர்

போன் உங்கள் பிள்ளையின் மூக்கைத் தொடாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதில் அதிகபட்சம் ஒரு நாளைக்கு 1 மணி நேரம், அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

என் மகளுக்கு இரண்டரை வயது. நல்ல கறுப்பு. வீட்டிலிருக்கும் புத்தகங்களில் எல்லாக் குழந்தைக்கும் ரோஸ் கன்னம், செம்பட்டை முடி. "இது பாப்பா கன்னம்" என்று படித்தால், "பாப்பா கன்னம் இல்ல" என்கிறாள். – தண்டையார்பேட்டை

அம்மா, உங்கள் நாத்தனார் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். அதை அச்சில் போட மனசு வரவில்லை.

உங்கள் மகள் சொல்வது சரி. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள். அது அவள் கன்னம் இல்லைதான். "ஆமாம், இது வேற பாப்பா. உன் கன்னம் இதோ" என்று அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். "கறுப்புகூட அழகுதான்டி செல்லம்" என்று ஆறுதலை ஆரம்பிக்காதீர்கள். அவளுக்குத் துக்கமே இல்லாதபோது ஆறுதல் எதற்கு? அதற்குப் பதிலாகக் குளியலறையைக் கவனியுங்கள். "பயத்தமாவு நல்லாத் தேய், கொஞ்சம் கலர் வரும்" என்று யாராவது சொன்னால் அது பிள்ளை காதில் விழும். எந்தப் புத்தகமும் அதை அழிக்காது. கிரேயான் பெட்டியில் வெளிர் ரோஸ் குச்சியை 'ஸ்கின் கலர்' என்று வீட்டில் யாராவது சொன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். பிரவுன் குச்சியைக் கையில் கொடுத்து அவள் கையோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பழகு என்று வருஷக்கணக்காக விற்ற ஒரு பிரபல கிரீம்கூட 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. பெயரைத்தான்.

புத்தகம் மாற்றுவது சுலபம். தூலிகா பதிப்பகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. 1996-லிருந்து தமிழும் ஆங்கிலமுமாக இருமொழிப் படப் புத்தகங்கள் போடுகிறார்கள். அவற்றில் நம் தெருப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கலாம். ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போனால் அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள், நின்று எல்லாப் பக்கத்தையும் புரட்டுங்கள். சுருட்டை முடி இருக்கிறதா, சோடாபுட்டிக் கண்ணாடி, பொக்கைவாய்த் தாத்தா, முக்காடு போட்ட அம்மா, சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை? இருந்தால் எங்கே இருக்கிறார்கள்? கடைசிப் பக்கத்தில் எல்லா நிறப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திவிட்டு, கண்ணுக்கும் மூக்குக்கும் கைக்கும் அதே ரோஸ் பாப்பா என்றால் நான் வாங்க மாட்டேன். கறுப்புப் பிள்ளையின் மூக்கு, மூக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

படிக்கும்போது நிறத்தை விழுங்கவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். "கறுப்பு முட்டி, மாநிற முட்டி, அம்மா முட்டியில தழும்பு" என்று போகிற போக்கில் சொல்லுங்கள்.

அம்பத்தூரில் பிரஸ் ஷாப்பில் வேலை. வலது கையில் இரண்டு விரல் இல்லை. மகளுக்கு இரண்டு வயது. புத்தகத்தில் பத்து விரல் எண்ணுகிற பக்கம் வந்தால் கையைக் கீழே மறைத்துக்கொள்கிறேன். இனி மனைவியையே படிக்கச் சொல்லிவிடலாமா? – அம்பத்தூர்

தம்பி, நீங்களே படியுங்கள். அந்தக் கையை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அந்தக் கை தூக்கியிருக்கிறது, ஊட்டியிருக்கிறது. அவளுக்கு அது அப்பா கை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் வந்தால் மட்டும் கை காணாமல் போகிறதே, அதுதான் அவளைக் குழப்பும்.

கையை எடுத்துப் படத்தின் மேலேயே வையுங்கள். எண்ணட்டும். மூன்றில் நின்று உங்களைப் பார்ப்பாள். அப்போது ஒரே வாக்கியம்: "அப்பா கையில மெஷின் பட்டு ரெண்டு விரல் போயிடுச்சு, இப்ப வலிக்கல." மறுநாளும் கேட்பாள். அதே வாக்கியம், அதே குரல். "திரும்ப முளைக்குமா?" என்று கேட்டால், "முளைக்காது." காக்கா தூக்கிட்டுப் போச்சு என்று கதை விடாதீர்கள், அப்புறம் அவள் மொட்டைமாடிக்கே வர மாட்டாள். "சொன்ன பேச்சு கேக்கலைன்னா உனக்கும் இப்படித்தான்" என்று வீட்டில் யாரையும் சொல்ல விடாதீர்கள்.

என் வாசிப்பறைக்கு ஒரு பையன் வருவான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், காது கேட்பதற்காக ஆபரேஷன் செய்து காக்ளியர் இம்பிளாண்ட் கருவி வைத்தவன். அதன் வெளிப்பாகம் ஒரு வட்டச் சில்லு. காதுக்கு மேலே, தலையில், காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். காதுப் பக்கம் வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் காதைத் தொட்டார்கள். அவன் காதைத் தொட்டு, அப்புறம் சில்லையும் தொட்டான். அடுத்த நிமிஷம் எல்லாரும் தங்கள் தலையில் சில்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுட்டிப் பெண் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுதாள். அவனுக்கு ஒரே பெருமை. அங்கே சங்கடப்பட்டது பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் மட்டும்தான்.

உங்களுக்கென்று ஒரு பாட்டு கட்டியிருக்கிறேன். பத்து விரல் பக்கத்தில் பாடுங்கள்:

அப்பா விரல் எட்டு,
பாப்பா கையில் தட்டு!
பாப்பா விரல் பத்து,
அப்பா முதுகில் குத்து!

குத்து கொஞ்சம் பலமாகவே விழும், சொல்லிவிட்டேன்.

எல்லாப் புத்தகமும் தொப்புளிலிருந்து நேராகத் தொடைக்குத் தாவிவிடுகிறது. நடுவில் இருப்பதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? – தாம்பரம்

புத்தகம் தேவையில்லை, குளிப்பாட்டும் நேரம் போதும். முதலில் 'ஷேம் ஷேம்' என்பதை நிறுத்துங்கள். டீச்சருக்கும் டாக்டருக்கும் புரிகிற மாதிரி ஒரு பெயரை வைத்துக்கொண்டு, மூக்கு என்று சொல்கிற அதே குரலில் அதையும் சொல்லுங்கள். பெயர் தெரிந்த பிள்ளைதான் அங்கே வலித்தாலோ யாராவது தொட்டாலோ வந்து சொல்லும். கழுவிவிடுகிறவர்கள், அம்மாவோ அப்பாவோ கூட இருக்கும்போது டாக்டர், இவர்களைத் தவிர யாரும் அங்கே தொடக் கூடாது, தொட்டால் உடனே சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன் என்று மூன்று வயதுக்குள் பழக்கிவிடலாம். உதவி வேண்டுமென்றால் குழந்தைகளுக்கான எண் 1098.

நீங்கள் சொல்லும் புத்தகங்கள் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். – ராயபுரம்

அலமாரி மேலே பழைய கல்யாணப் பத்திரிகை எத்தனை கிடக்கிறது? நல்ல கெட்டி அட்டை. பிள்ளையார் படம் போட்ட முகப்பைத் தனியாக எடுத்துவிடுங்கள், சப்பக் கொடுத்தால் மாமியார் சண்டைக்கு வருவார். ஜிகினா, கல் ஒட்டியதும் வேண்டாம், பிய்த்து விழுங்கிவிடும். மீதியை ஒரே அளவில் வெட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஃபெவிகாலில் ஒட்டி, மேலே கனம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். மைதாப் பசை வேண்டாம், கரப்பான்பூச்சி வந்துவிடும். மூலைகளை வட்டமாக வெட்டி, ஓரத்தைக் கெட்டி நூலால் தையுங்கள். ஸ்டேப்ளர் பின், ஸ்பைரல் கம்பி இரண்டும் கூடாது.

படத்துக்குப் போனில் எடுத்த வீட்டு ஆட்களின் போட்டோ. தாத்தா காதில் முளைத்த முடி, பாட்டி மூக்குத்தி, அப்பாவின் காக்கிச் சட்டைக் கை, பக்கத்து வீட்டு அக்கா பின்னல், மாடி வீட்டுப் பாயம்மாவின் மருதாணிக் கை. போட்டோ பிரிண்ட் போட்டு ஒட்டி, மேலே அகல செல்லோடேப். கூடவே பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும், பதிவிறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு மூன்று பேருமாகப் போய்வாருங்கள். குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

மழைக்காலத்தில் அட்டைப் புத்தகம் உப்பிப்போய், ஓரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. வெயிலில் காயவைத்தால் போதுமா? – பள்ளிக்கரணை

உப்பியது மட்டுமென்றால் பக்கங்களை விரித்து ஃபேனுக்கு அடியில் நிற்க வையுங்கள், காய்ந்த பிறகு கனம் ஏற்றுங்கள். பூஞ்சை வந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். வாயில் வைக்கிற பிள்ளை.