பாலிஅனிலின் ஏன் பாதியில் சோர்ந்து போகிறது?

வீட்டு இன்வெர்ட்டரில் பேட்டரியை எடுத்துவிட்டு சூப்பர் கெபாசிட்டர் போடலாமா சார்? (பெரம்பூர் வாசகர்)

சூப்பர் கெபாசிட்டர் என்பது மின்வாய்களில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சாதனம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. சூப்பர் கெபாசிட்டர் கிலோவுக்கு 5 வாட்-மணி என்று வைத்தாலும் 360 கிலோ வேண்டும். சோபாவை வெளியே தூக்கிப் போட வேண்டியதுதான். நொடியில் வாங்கி நொடியில் கொடுப்பதற்குத்தான் அது லாயக்கு.

ரிச்சி தெருவில் 2.7 வோல்ட், 100 ஃபாரட் ஒன்று வாங்கினேன். இதுவும் பாலிமரா? 5 வோல்ட்டில் போடலாமா? (வேளச்சேரி வாசகர்)

பாலிஅனிலின் போன்ற, மின்சாரம் கடத்தும் பாலிமர்களிலும் சூப்பர் கெபாசிட்டர் மின்வாய் செய்வதுண்டு. ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஆக்டிவேட்டட் கார்பன் (நுண்துளைகள் நிறைந்த கரி) மின்வாய்தான். 5 வோல்ட்டில் நேராகப் போடாதீர்கள். இரண்டைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு சமன் ரெசிஸ்டர் வையுங்கள், வோல்ட் இரண்டுக்கும் சமமாகப் பிரியும்.

என் பாலிஅனிலின் மின்வாய் 1,000 முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய சுற்றுகளில் மின்னூட்டம் சேமிக்கும் திறனில் பாதியை இழந்துவிட்டது. கிராபீன் சேர்க்கச் சொல்கிறார் கைடு. (கிண்டி, ஆய்வு மாணவி)

கைடு சொல்வது சரிதான். ஆனால் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது அயனிகள் பாலிமருக்குள் நுழைகின்றன, இறங்கும்போது வெளியேறுகின்றன. ஐப்பசி மழையில் உப்பி, சித்திரை வெயிலில் சுருங்கும் பழைய மரக்கதவு மாதிரி, பாலிமரும் ஒவ்வொரு சுற்றிலும் உப்பிச் சுருங்குகிறது. விரிசல் விட்டு, மின்சாரம் போகும் பாதை அறுந்துபோகிறது. கிராபீனோ (ஓரணு தடிமனுள்ள கார்பன் தாள்) கார்பன் நானோகுழாயோ கான்கிரீட்டுக்குள் கம்பி போல நின்று தாங்கும், கூடவே மின்சாரத்தையும் கடத்தும். அளவு மீறினால் கிராபீன் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகிவிடும், பரப்பு வீணாகும்.

அதற்கு முன்னால் இரண்டைச் சரிபாருங்கள். மின்னழுத்தத்தை வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்வாய்க்கு எதிராக 0.8 வோல்ட்டுக்கு மேல் கொண்டு போனீர்களா? போனால் பாலிமர் மிகையாக ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதையும்; கிராபீனாலும் காப்பாற்ற முடியாது. அப்புறம், தயாரிக்கும்போது ஐஸ் வைத்தீர்களா? வினை வெப்பம் உமிழ்வது. 0 முதல் 5 டிகிரிக்குள் வைத்து, அனிலினைப் பாலிமராக்கும் ஆக்சிஜனேற்றியான பெர்சல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மே மாதச் சென்னையில் ஐஸ் கரைந்ததைக் கவனிக்காமல் நானே ஒரு தொகுதியைக் கெடுத்திருக்கிறேன். பழுப்பேறிய அனிலினைக் காய்ச்சி வடித்த பிறகே எடுங்கள். அது நஞ்சு, புகைப்பெட்டிக்கு வெளியே திறக்க வேண்டாம்.

ஒரு கட்டுரையில் கிராமுக்கு 800 ஃபாரட் என்றிருக்கிறது. நம்பலாமா? (தாம்பரம் வாசகர்)

பொய்யாக இருக்காது. ஆனால் அது மூன்று மின்வாய் முறையில் ஒற்றை மின்வாயை அளந்த எண்ணா என்று பாருங்கள். அதே மின்வாய் இரண்டை வைத்து செல் கட்டினால், இரண்டும் தொடராக இருப்பதால் ஃபாரட் பாதியாகும்; இரண்டின் எடையையும் சேர்த்து வகுக்கும்போது கிராமுக்கு 200தான் வரும். எத்தனை மில்லிகிராம் பூசினார்கள் என்பதையும் தேடுங்கள். மெல்லிய பூச்சில் எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.