கைநீட்டும் கணவர், இருவரும் கையெழுத்திட்ட வாடகை வீடு

கேள்வி: ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடொன்றை 2 ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தோம். கணவர், நான் இருவரும் கையெழுத்துப் போட்டோம். இன்னும் 9 மாதம் பாக்கி. அவர் அடிக்கிறார். பொறுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டுமா? பாதியில் கிளம்பினால் வாடகை என் தலையில் விழுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பொறுக்க வேண்டாம், சகோதரி. அவரை வீட்டைவிட்டு வெளியே நிறுத்த, சிங்கப்பூரில் பெண்களையும் குடும்பத்தையும் காக்கும் சட்டமான மாதர் சாசனத்தில் வழி இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் அவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும் அந்த வழி செல்லும்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். தனிநபர் பாதுகாப்பு ஆணை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்த ஆணை வன்முறையைத்தான் தடுக்கும். அவர் அதே வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். வீட்டுக்குள் வரவிடாமல் செய்யும் ஆணையைத் தனியாகக் கேட்க வேண்டும். முழு வீட்டுக்கும் கேட்கலாம், ஓர் அறைக்கு மட்டும்கூடக் கேட்கலாம்.

குடும்ப நீதிமன்றங்களின் இணையச் சேவையில் சிங்பாஸ் (அரசாங்க மின்னிலக்க அடையாளம்) கொண்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1 வெள்ளி. ஆபத்து உடனடியானது என்றால் விரைவு ஆணையும் கேளுங்கள். அது அவரிடம் சேர்ப்பிக்கப்பட்டதும் நடப்புக்கு வரும். 28 நாள் அல்லது முதல் விசாரணை, எது முந்தியதோ அதுவரை இருக்கும், நீதிமன்றம் நீட்டிக்கலாம். 2025 ஜனவரி முதல் ஆணையை மீறினால் 10,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும்.

வாடகை வேறு கதை. நீதிமன்ற ஆணை உங்கள் கணவரைத்தான் கட்டுப்படுத்தும், வீட்டு உரிமையாளரை அல்ல. குடும்ப வன்முறைக்காக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை சிங்கப்பூர்ச் சட்டத்தில் தனியாக இல்லை. ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்க அதில் சேர்க்கப்படும் ‘டிப்ளோமேட்டிக் கிளாஸ்’ என்ற விதி வேலை போனால், வெளிநாட்டுக்கு மாற்றலானால் மட்டும் உதவும். இருவர் கையெழுத்தும் இருப்பதால், பெரும்பாலான ஒப்பந்தங்களின்படி முழு வாடகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்க முடியும். அதனால் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப் போதும். மீதக் காலத்துக்கு வேறு ஆள் பார்த்துத் தருவதாகச் சொல்லுங்கள். வீவக வீட்டை 6 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. உங்களுக்கு 9 மாதம் இருப்பதால் இப்போது பேசினால் நடக்கும், நான்கு மாதம் கழித்து நடக்காது. உரிமையாளர் சம்மதித்தால், எந்தத் தேதியோடு உங்கள் பொறுப்பு முடிகிறது, முன்பணம் யார் கணக்குக்குத் திரும்புகிறது என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

கணவர் உடைத்த கதவு, பெயர்ந்த பூட்டு எல்லாவற்றையும் அன்றே படமெடுங்கள். வீடு ஒப்படைக்கும் நாளில் அந்தச் செலவு முன்பணத்தில்தான் கழியும். தகராறு வந்தால், 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளிவரை விசாரிக்கும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிய சான்றிதழைத் தேடி வையுங்கள். அது இல்லாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள்.

இன்றிரவே பயமென்றால் போலீஸ் எண் 999. தங்க இடம் வேண்டுமென்றால் வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும்.

கேள்வி: மணமாகவில்லை, நண்பருடன் வசிக்கிறேன். ஒப்பந்தம் அவர் பெயரில். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதில்: மாதர் சாசன ஆணை குடும்பத்தினருக்கு மட்டுமே. நீங்கள் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆணை கேட்க வேண்டும். நீங்கள் கையெழுத்திடாததால் வாடகைப் பாக்கி உங்களைத் தொடாது. பொருள்களை எடுக்கத் தனியாகப் போகாதீர்கள்.